நம்பர்பிளாக்ஸும் நாலு கச்சான் பருப்பும்: தாய் தகப்பன்மார் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஒட்டுசுட்டான் பக்கத்தில் ஒரு சின்ன முன்பள்ளியில் படிப்பிக்கிறேன். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போக வருகிறவர்கள் கேற்றடியில் நின்று கேட்பவை பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். அவற்றில் பாதி "அந்தப் பெட்டி பெட்டியாய் வாற காட்டூனை"ப் பற்றியவை. ஒவ்வொருவருக்கும் தனித்தனியே சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டிவிட்டது. ஆகவே எழுதி வைக்கிறேன்.

அந்தப் பெட்டிக் காட்டூன் என்ன, ரீச்சர்?

பெயர் நம்பர்பிளாக்ஸ். பிபிசியின் சிறுவர் அலைவரிசையான சிபீபீஸில் 2017 ஜனவரி 23ஆம் திகதி தொடங்கியது. உருவாக்கியவர் ஜோ எலியட். படம் வரைந்து அசைத்தவர்கள் புளூ சூ என்ற லண்டன் நிறுவனத்தார். இவர்களே அதற்கு முன் ஆங்கில எழுத்துகளைப் பாத்திரங்களாக்கி அல்பாபிளாக்ஸ் என்ற தொடரையும் செய்திருந்தார்கள். ஒரு கதை ஏறத்தாழ 5 நிமிடம்தான்.

ஒவ்வொரு எண்ணும் ஒரு ஆள். ஒன்று என்றால் ஒரு சிவப்புக் கட்டை. இரண்டு என்றால் இரண்டு செம்மஞ்சள் கட்டை, ஒன்றின்மேல் ஒன்று. மூன்று மஞ்சள், நான்கு பச்சை, ஐந்து நீலம், ஆறு ஊதா. ஏழுக்கு வானவில்லின் ஏழு நிறம். தலைக்கு மேலே அந்தந்த இலக்கம் மிதந்துகொண்டிருக்கும். ஒன்று துள்ளிப்போய் இரண்டின் தலையில் ஏறினால் இரண்டு பேரும் மறைந்து மூன்று வந்து நிற்கும். மூன்று தும்மினாலோ விழுந்தாலோ மறுபடி பிரிந்துவிடும். கதை முழுக்க இந்தச் சேர்வதும் பிரிவதும்தான்.

என்ட மகன் நூறு வரைக்கும் சொல்லுவான். இதில அவனுக்குப் புதிசாய் என்ன இருக்கு?

இந்தக் கேள்வியைக் கேட்கிறவர்கள் முகத்தில் ஒரு பெருமை இருக்கும். அதைக் கெடுக்க எனக்கும் விருப்பமில்லை. ஆனால் ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். ஒரு சுளகில் புளியங்கொட்டையைக் கொட்டுங்கள். "அம்மாவின் கையில் நாலு கொட்டை வை" என்று சொல்லுங்கள்.

போன தவணையில் ஒரு பிள்ளை வந்து, மூச்சு விடாமல் ஐம்பது வரை சொன்னான். தாய்க்கு வாயெல்லாம் பல். நான் நாலு கொட்டை கேட்டேன். ஒரு பிடி அள்ளி என் உள்ளங்கையில் போட்டான். எண்ணிப் பார்த்தால் பதினொன்று. "இது நாலா?" என்றேன். "ஓம்" என்றான், சந்தேகமே இல்லாமல். அவனுக்கு எண்கள் பாட்டு மாதிரி. தேவாரம் பொருள் விளங்காமலே பாடமாக வருகிறதல்லவா, அப்படி. வரிசை தெரியும். "நாலு" என்று சொன்னால் எவ்வளவு என்பது தெரியாது.

கரன் வின் என்ற உளவியலாளர் 1990இல் வெளியிட்ட ஆய்வில் பிள்ளைகளிடம் இப்படித்தான் பொருட்களை எண்ணித் தரச் சொல்லிப் பார்த்தார். பத்து வரை சொல்லத் தெரிந்த பிள்ளைகூட முதலில் "ஒன்று" என்பதன் அளவை மட்டும்தான் பிடிக்கிறது. சில மாதம் கழித்து இரண்டு. பிறகு மூன்று. அதற்குப் பிறகு ஒருநாள் முழு விசயமும் பிடிபட்டு, எந்த எண்ணைக் கேட்டாலும் எண்ணித் தருகிறது. அந்த ஒருநாளைத்தான் நாங்கள் முன்பள்ளியில் காத்துக்கொண்டிருக்கிறோம், நூறு வரை சொல்லும் நாளை அல்ல.

நம்பர்பிளாக்ஸில் எனக்குப் பிடித்தது இதுதான். அதில் நாலு என்பது நாலு கட்டை. ஒரு கட்டையைக் கழற்றினால் அது நாலு இல்லை.

எத்தனை வயதுப் பிள்ளைக்கு?

மூன்றிலிருந்து ஆறு. அதற்குக் கீழே வேண்டாம். இரண்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளை திரையில் பார்ப்பதிலிருந்து கற்பது, அதையே ஒரு ஆள் முன்னால் இருந்து செய்து காட்டினால் கற்பதைவிடக் குறைவு. அந்த வயதில் நீங்கள்தான் காட்டூன்.

இது முழுக்க ஆங்கிலம். எங்கட பிள்ளைக்கு என்ன விளங்கும்?

நீங்கள் நினைப்பதைவிடக் கூட. கட்டை கட்டையோடு சேருவதைப் பார்க்க மொழி தேவையில்லை. ஆனால் தமிழ்ச் சொல் பிள்ளையின் காதில் விழவேண்டும், அதற்கு ஆள் வேண்டும்.

நான் செய்வது இது. முதல்முறை சத்தத்தோடு பார்க்க விடுவேன், பாட்டு நல்லாக இருக்கும். இரண்டாம் முறை சத்தத்தை நிறுத்திவிட்டு நான் கதை சொல்லுவேன். "இஞ்ச பாருங்கோ, ரெண்டர் வாறார். ஒண்டர் ஏறப்போறார். ஏறினால் ஆர் வருவார்?" அந்த இடத்தில் படத்தை நிறுத்திவிடுவேன். பிள்ளைகள் கத்துவார்கள். சிலர் பிழையாகக் கத்துவார்கள். பிழையாகக் கத்தினவர் படம் மறுபடி ஓடும்போது கண்ணை எடுக்காமல் பார்ப்பார். நிறுத்துகிற அந்த இரண்டு செக்கன்தான் படிப்பு, மிச்சமெல்லாம் வேடிக்கை.

"ரெண்டர்", "மூண்டர்" என்று மரியாதை போட்டது நானில்லை, பிள்ளைகள்தான். ஐந்துக்கு மட்டும் ஏனோ "அஞ்சக்கா" என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

அம்மம்மா பேசுறா: "நாங்கள் ரீவி பார்த்தே கணக்குப் படிச்சனாங்கள்?" என்று. என்ன சொல்ல?

அம்மம்மா சொல்வது சரி. அவவைத் திண்ணையில் இருத்திக் கொக்கான் வெட்டச் சொல்லுங்கள்.

நான் பகிடிக்குச் சொல்லவில்லை. கொக்கானில் ஐந்து கல். ஒன்றை மேலே எறிந்து, அது விழுமுன் கீழே கிடக்கிற நாலையும் எடுக்கவேண்டும். முதலாம் ஆட்டத்தில் ஒவ்வொன்றாக. இரண்டாவதில் இரண்டிரண்டாக. மூன்றாவதில் மூன்றை ஒரேயடியாக அள்ளி, மிஞ்சின ஒன்றைத் தனியாக. நாலாவதில் நாலையும் ஒரு வாரில். இதை எழுதிப் பார்த்தால் 1+1+1+1, 2+2, 3+1, 4. நாலு என்ற எண்ணைப் பிரிக்கக்கூடிய வழிகளில் பெரும்பகுதி அந்த முற்றத்து விளையாட்டிலேயே இருக்கிறது. அதையும் கண்ணும் கையும் ஒன்றாக ஓடவேண்டிய அவசரத்தில் செய்கிறார்கள். மூன்றை அள்ளினால் ஒன்று மிஞ்சும் என்று யோசித்துக்கொண்டிருந்தால் எறிந்த கல் தலையில் விழும்.

நம்பர்பிளாக்ஸில் நாலு என்ற பச்சைக்காரர் இரண்டு இரண்டுகளாகப் பிரிந்து குழப்படி செய்கிற கதை ஒன்று உண்டு. எங்கள் முன்பள்ளிப் பிள்ளை ஒருத்தி அதைப் பார்த்துவிட்டு, "இது அம்மம்மா ரெண்டாந்தரம் எடுக்கிறது மாதிரி" என்றாள். எனக்கு அதற்கு முன் அது தோன்றியதே இல்லை. இருபது வருசம் கொக்கான் வெட்டியிருக்கிறேன்.

ஆகவே அம்மம்மாவோடு வாதாட வேண்டாம். காட்டூன் இல்லாமலே அவவுக்கு எண் கையில் இருந்தது. இப்போது முற்றத்தில் கொக்கான் வெட்டுகிற பிள்ளைகள் குறைவு, அதுதான் வித்தியாசம். இரண்டையும் சேர்த்துக் கொடுக்கலாம்.

மகள் சிவப்பைக் கண்டால் "ஒண்டு" என்கிறாள். இது சரியோ?

சரியில்லை, ஆனால் பயப்படவும் தேவையில்லை. இது இந்தத் தொடரின் பலவீனம் என்றே சொல்லுவேன். ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு நிறம் ஒட்டியிருப்பதால், பிள்ளை கட்டையை எண்ணாமல் நிறத்தைப் பார்த்தே பெயர் சொல்லிவிடும். சரியான விடை வருவதால் நாங்களும் ஏமாந்துபோவோம். ஒரு பையனிடம் மூன்று சிவப்புச் சோடா மூடியைக் கொடுத்து "எத்தனை?" என்றேன். "ஒண்டு, ஒண்டு, ஒண்டு" என்றான். அவன் கணக்கில் அதுவும் நியாயம்தான்!

எண்ணையும் நிறத்தையும் சேர்ப்பது புது யோசனை இல்லை. பெல்ஜியத்துப் பள்ளி ஆசிரியர் ஜோர்ஜ் குசினேர் நீளத்துக்கு ஒரு நிறமாகச் செய்த மரக்கோல்கள் 1950களிலிருந்தே உலகம் முழுக்க வகுப்பறைகளில் இருக்கின்றன. அங்கேயும் இதே சிக்கல் உண்டு. மருந்து சுலபம்: நிறமில்லாத பொருளில் அதையே செய்ய விடுங்கள். கல், ஈர்க்கு, புளியங்கொட்டை. எல்லாம் ஒரே நிறமாக இருந்தால் பிள்ளைக்கு எண்ணுவதைத் தவிர வேறு வழி இல்லை.

அதில் எனக்கு மிகவும் பிடித்தது கச்சான். வற்றாப்பளைப் பொங்கலுக்குப் போய் கச்சான் வாங்காமல் திரும்புகிற வன்னிக் குடும்பம் உண்டா? ஒரு கோதைக் கையில் கொடுத்து, உடைக்குமுன் "உள்ளே எத்தனை?" என்று கேளுங்கள். கூடுதலாக இரண்டு இருக்கும். சிலதில் ஒன்று, இடைக்கிடை மூன்று. பிள்ளை கோதை விரலால் தடவிப் பார்க்கும், காதுக்குப் பக்கத்தில் குலுக்கும், மேட்டை எண்ணும். உடைத்தால் விடை உள்ளே. மூன்று கோது உடைத்து எல்லாவற்றிலும் இரண்டு இருந்தால், பருப்பு ஆறு. ரீச்சரே தேவையில்லை. (நாலு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு முழுப் பருப்பைத் தின்னக் கொடுக்காதீர்கள், புரையேறி மூச்சுக்குழாயில் போய்விடும்.)

ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் பார்க்க விடலாம்?

உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டலில் 2 வயது முதல் 4 வயது வரையான பிள்ளைகளுக்கு எல்லாத் திரையும் சேர்த்து நாளுக்கு 1 மணித்தியாலத்துக்கு மேல் வேண்டாம், குறைந்தால் இன்னும் நல்லது என்கிறார்கள். நம்பர்பிளாக்ஸுக்கு மட்டும் என்று கேட்டால், நான் சொல்வது ஒரு நாளைக்கு ஒரு கதை அல்லது இரண்டு. அதையே மூன்று நாள் திருப்பிப் போடலாம். பத்துக் கதையைத் தொடர்ந்து பார்த்த பிள்ளைக்குப் பாட்டு மட்டும்தான் தலையில் நிற்கும்.

யூரியூபில் போட்டால் வேற என்னென்னவோ வருது. டேட்டாவும் முடியுது.

ஆம், இதில் கவனம் தேவை. அதே கட்டைகளை வைத்துப் பிறர் தாங்களாகச் செய்து ஏற்றிய வீடியோக்கள் ஏராளம். சிலதில் எண்ணுக்கும் கட்டைக்கும் சம்பந்தமே இல்லை. சிலது சும்மா சத்தமும் கலரும். நம்பர்பிளாக்ஸின் சொந்தச் சனலைத் தேடிப் பிடித்து அதிலிருந்து போடுங்கள். அடுத்த வீடியோ தானாக ஓடுவதை நிறுத்தி வையுங்கள், இல்லாவிட்டால் ஒரு கதை முடிய முன்னம் அடுத்தது வந்து நிற்கும். வைபை உள்ள சொந்தக்காரர் வீட்டுக்குப் போகும்போது நாலைந்து கதையை இறக்கிக்கொண்டு வந்தால் மாதம் முழுக்கப் போதும். பிறகு போனை பிளேன் மோட்டில் போட்டுவிட்டுக் கொடுங்கள்.

தமிழில் எண்ணினால் பிள்ளை குழம்பாதோ? ஆங்கிலத்திலயே பழக்கினால் நல்லமோ?

குழம்பாது. சொல்லப்போனால் இந்த இடத்தில் தமிழ்ப் பிள்ளைக்கு அதிர்ஷ்டம். ஆங்கிலத்தில் "இலெவன்", "டுவெல்வ்" என்ற சொற்களைக் கேட்கிற பிள்ளைக்கு உள்ளே ஒரு பத்து இருப்பது தெரியாது. தமிழில் பதினொன்று என்றாலே பத்தும் ஒன்றும். பதின்மூன்று, பதினான்கு, பதினைந்து எல்லாவற்றிலும் பத்து முன்னால் நிற்கிறது. நம்பர்பிளாக்ஸில் பதினொன்றைப் பத்தும் ஒன்றுமாகப் பிரித்துக் காட்டுவார்கள். எங்கள் பிள்ளைக்கு அதை வாயே முன்னமே சொல்லிவிட்டது. இருபது, முப்பது, நாற்பதிலும் அப்படித்தான், முன்னால் எண், பின்னால் பத்து.

ஆனால் தமிழிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. அது ஒன்பதுக்குப் பக்கத்தில்.

எண்பத்தொன்பது வரை பிள்ளை நல்லாக வரும். பிறகு நின்றுவிடும். எழுபது, எண்பது என்று வந்த பிள்ளைக்கு அடுத்தது "ஒன்பதுபது" என்று வரவேண்டும் போல இருக்கும். ஒரு பிள்ளை அப்படியே சொன்னான், எல்லாரும் சிரித்துவிட்டார்கள். சிரிக்கிற விசயம் இல்லை, அவன் விதியைச் சரியாகப் பிடித்திருந்தான். மொழிதான் விதியை மாற்றியது. தமிழில் 90க்கு வருகிறபோது சொல்லுக்குள் நூறு வந்துவிடுகிறது: தொண்ணூறு. 900க்கு ஆயிரம் வந்துவிடுகிறது: தொள்ளாயிரம். இன்னும் எட்டாத வீட்டின் பெயரை முன்கூட்டியே சொல்லுகிற மாதிரி. தொண்ணூறு என்று கேட்ட பிள்ளை நூறைத் தாண்டிவிட்டோம் என்று நினைத்தால் அது பிள்ளையின் குற்றமல்ல.

இதற்கு நான் ஈர்க்குக்கட்டு வைத்திருக்கிறேன். தென்னோலை ஈர்க்கை விரல் நீளத்துக்கு வெட்டி, பத்துப் பத்தாக ரப்பர் வளையம் போட்டுக் கட்டியது, மொத்தம் பத்துக் கட்டு. ஒன்பது கட்டுகளை மேசையில் வைத்து, பத்தாவதைக் கையில் மறைத்துக்கொண்டு, "இது தொண்ணூறு. நூறாக என்ன வேணும்?" என்பேன். "ஒளிச்சு வச்சிருக்கிற கட்டு!" ஒருமுறை இதைக் கண்ட பிள்ளை அந்தச் சொல்லில் பிறகு தடுக்கி விழுவது குறைவு.

இலக்கம் எழுதவும் பழக்குமோ? மகன் 3ஐ மறுபக்கம் எழுதுறான்.

எழுத்துக்கு இது பெரிய உதவி இல்லை, இலக்கம் தலைக்கு மேலே மிதப்பதோடு சரி. கண்ணாடியில் பார்ப்பதுபோல் மாறி எழுதுவது இந்த வயதில் சாதாரணம், தரம் 1, 2 வரைக்கும்கூட வரும். மண்ணில் விரலால் எழுதப் பழக்குங்கள். அடிக்க வேண்டாம்.

மூத்தவள் தரம் 2. அவளுக்கும் உதவுமோ, வயது கடந்துபோச்சோ?

உதவும். தொடர் பத்தோடு நின்றுவிடவில்லை, பிறகு வந்த பகுதிகளில் நூறும் அதற்கு மேலும் வருகிறது, பெருக்கலும் வருகிறது. நாலு என்பவர் சதுரமாக நிற்கப் பிரியப்படுவார், இரண்டுக்கு இரண்டு. ஒன்பதும் சதுரம், மூன்றுக்கு மூன்று. பன்னிரண்டு விதம் விதமான நீள்சதுரமாக நிற்கும்: மூன்று வரிசையில் நாலு, இரண்டு வரிசையில் ஆறு. இன்னொரு கூட்டம் படிக்கட்டாக நிற்கும்: 1, 3, 6, 10, 15. ஒன்றோடு இரண்டைக் கூட்டி, அதோடு மூன்றைக் கூட்டி, இப்படி ஒவ்வொரு படியாக.

இதைப் பார்த்துவிட்டு முட்டைத் தட்டை எடுங்கள். 30 முட்டைத் தட்டு. ஒரு பக்கம் ஐந்து, மற்றப் பக்கம் ஆறு. ஐயாறு முப்பது என்று வாய்ப்பாட்டில் பாடமாக்கியது தட்டில் குழி குழியாகக் கிடக்கிறது. தட்டைத் திருப்பி வைத்தால் ஆறைந்து, அதுவும் முப்பது. பாதித் தட்டு வாங்கினால் பதினைந்து. கல்லரிகிற இடத்தில் சீமெந்துக்கல் அடுக்கியிருப்பதையும் காட்டலாம், முன்னால் தெரிகிற கல்லை எண்ணினால் முழு அடுக்கும் எத்தனை என்று தகப்பன்மார் ஒரு பார்வையில் சொல்லுவார்கள். அதுவும் பெருக்கல்தான்.

வாய்ப்பாட்டைப் பாடமாக்கத் தேவையில்லை என்று நான் சொல்லவில்லை. தேவை. முதலில் தட்டைக் கண்டுவிட்டுப் பாடமாக்கட்டும்.

விதைப்புக் காலம், ரெண்டு பேரும் வயலில். இருந்து காட்ட நேரமில்லை.

காலபோகத்தில் ஆருக்கு நேரம் இருக்கிறது? தனியாக இருந்து படிப்பிக்கச் சொல்லவில்லை. சாப்பாட்டு நேரத்தில் "ஆளுக்கொரு கோப்பை எடுத்து வா" என்று சொல்லுங்கள். பிள்ளை நாலைக் கொண்டுவந்தால், "நாங்கள் ஆறு பேர், இன்னும் எத்தனை வேணும்?" உடுப்புக் காயப்போடும்போது கிளிப்பை எண்ணித் தரச் சொல்லுங்கள். கடைக்கு அனுப்பும்போது பத்து ரூபாய்க் குற்றிக்கு இரண்டு ஐந்து ரூபாய்க் குற்றி சரி என்று கையில் வைத்துக் காட்டுங்கள். ஒரு நிமிடம்கூட ஆகாது.

எங்களிட்ட நல்ல போன் இல்லை. எங்கட பிள்ளை பின்தங்கிப் போகுமோ?

இல்லை. 2022இல் மின்வெட்டு ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் போனது நினைவிருக்கும். முன்பள்ளியில் ரீவி ஒரு மூலையில் தூசி பிடித்துக் கிடந்தது. அந்த மாதங்களில்தான் சுளகும் புளியங்கொட்டையும் வெளியே வந்தன, பிறகு உள்ளே போகவே இல்லை. எண்ணை உடைக்கலாம், ஒட்டலாம் என்பதைப் பிள்ளைக்குக் காட்டவேண்டும். அதை லண்டன்காரர் கட்டையால் காட்டுகிறார்கள், உங்களுக்குக் கொட்டை இருக்கிறது.

அந்தக் கட்டைகளை விலைக்கு வாங்கவேண்டுமோ? லண்டனில இருக்கிற மச்சாள் அனுப்பவோ என்று கேட்கிறா.

அனுப்பினால் வேண்டாம் என்று சொல்லாதீர்கள். ஒன்றோடொன்று பூட்டக்கூடிய, எல்லாம் ஒரே அளவான சதுரக் கட்டைகள் என்று சொல்லி அனுப்பச் சொல்லுங்கள். வெவ்வேறு நீளத்தில் வருகிற வீடு கட்டும் கட்டைகள் இதற்குச் சரிவராது, ஒரு கட்டை ஒன்று என்ற கணக்குக் குழம்பிவிடும்.

இல்லாவிட்டால் வெறும் நெருப்புப்பெட்டி போதும். பத்துப் பெட்டி சேர்த்து, கடதாசி சுற்றிப் பசை பூசி வைத்தால், ஒன்றின்மேல் ஒன்று அடுக்கி அடுக்கிக் கழற்றலாம். கொட்டைகள் பொறுக்கும்போது ஒன்றை மட்டும் கவனியுங்கள். வேலியில் படர்கிற குன்றிமணி சிவப்பும் கறுப்பும் சேர்ந்து வடிவாக இருக்கும், பிள்ளைகளுக்கு நல்ல விருப்பம். அது கடும் நஞ்சு, கடித்து விழுங்கினால் உயிராபத்து. ஆமணக்கு விதையும் அப்படியே. இரண்டையும் முற்றத்துக்குள் எடுக்க வேண்டாம்.

எங்கள் முன்பள்ளிக்கும் ஒருமுறை லண்டனிலிருந்து நூறு கட்டை கொண்ட பெட்டி ஒன்று வந்தது. இப்போது எண்ணினால் தொண்ணூற்றேழு. மூன்றைக் காணவில்லை, மூன்றும் சிவப்பு. அந்த மூன்றுக்கும் பதிலாகப் பிள்ளைகள் சிவப்புக் கடதாசி சுற்றின மூன்று நெருப்புப்பெட்டியைப் போட்டு வைத்திருக்கிறார்கள். பெட்டியை மூடுமுன் தினமும் ஒருவர் எண்ணவேண்டும் என்று சட்டமும் அவர்களே போட்டதுதான்.